இறுகிப்போன பிறேக் ட்றம்



நான் போய்வரும் வீடுகள் சிலவற்றில், கணவர் ஓட்டிய கார் வருடக்கணக்காக முற்றத்தில் நிற்கிறது. "சில்லே சுற்றவில்லை, இரும்பு விலைதான்" என்று வாங்க வருபவர் சொன்னதும் தலையாட்டி விடுகிறோம். பொறுங்கள். பெரும்பாலும் காரணம் துருதான். பிறேக் லைனர் ட்றம்மோடு ஒட்டியிருக்கும். அல்லது ட்றம்மின் நடுத்துளை அச்சுக் கழுத்தில் இறுகியிருக்கும்.

துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் மற்றச் சில்லுகளுக்குக் கல் அடைவையுங்கள். கைப்பிறேக்கை விடுவியுங்கள். சில்லு நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் ஜக்கால் உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பாமல் உறுதியான இரும்புத் தாங்கியும் கொடுங்கள். சில்லைக் கழற்றி, ட்றம்மில் சிறு திருகாணி இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

துரு இளக்கும் எண்ணெயை நடுக்கழுத்தைச் சுற்றிச் சிறிது விடுங்கள். லைனரில் எண்ணெய் பட்டால் பிறேக் பிடிக்காது. சில மணிநேரத்தின் பின் பலகைத் துண்டு வைத்துச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். பல யப்பான் கார்களின் ட்றம்மில் மரையுள்ள இரண்டு துளைகள் உண்டு. பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் ட்றம் வெளியே வரும். விளிம்பில் தடக்கினால் லைனரைச் சரிசெய்யும் திருகைத் தளர்த்த வேண்டும். ட்றம் கழன்றிருக்கையில் யாரும் பிறேக்கை மிதிக்கக் கூடாது.

பழைய லைனர்த் தூசில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள்.

திரும்பப் பூட்டியதும், ஓட முன்னர் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உருளும் காருக்குப் பேரம் பேசலாம். விற்பதா, வைத்திருப்பதா என்ற முடிவும் அப்போது உங்கள் கையில் இருக்கும்.