சமையல் சொற்களை முன்வைத்து

தமிழில் வரும் சமையல் புத்தகங்கள் சிலவற்றின் பின்பக்கம் ஒரு சொற்பட்டியல் போட்டிருப்பார்கள். வஞ்சிரம், வவ்வால், இறால் என்று மீனில் தொடங்கி இட்லிக் கொப்பரை, வாணலி, சல்லடை என்று பாத்திரத்தில் முடியும். பார்த்தால் சாதுவான பட்டியல்தான். யாருடைய அடுப்படியில் நின்று எழுதியது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

வஞ்சிரத்துக்கு உள்ள இடம் சென்னாக்குன்னிக்கு இருக்காது. வயல் நண்டு, நத்தை, சேற்றில் தடவிப் பிடிக்கிற குரவை இதெல்லாம் கூலிக்காரன் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது. கௌரவமான தலைப்பு எதிலும் சேராது. கறிக்கு வந்தால் இன்னும் மோசம். பள்ளிக்கூடத்தில் மண்ணீரல் என்று படித்ததைக் கறிக்கடையில் சுவரொட்டி என்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்! எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? கொடியில் காயும் உப்புக்கண்டம் ஆட்டுக்கறியாக இருக்கிறவரை பாரம்பரிய உணவு. மாட்டுக்கறியானால் அதற்குப் பேரே கிடையாது. நம்மாளுங்களே 'பெரிய கறி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது 'அசைவம்' என்கிற சொல். ஒரு மதத்தின் பெயரை எடுத்துச் சோற்றுக்கு வைத்துவிட்டு, மற்றவன் சோற்றையெல்லாம் அது அல்லாதது என்று ஒதுக்குகிற சொல்லாடல் இது. சரி, சிவனுக்குப் பன்றிக்கறி படைத்த கண்ணப்பர் 63 நாயன்மார்களில் ஒருவராயிற்றே, அவரை எந்தப் பந்தியில் உட்கார வைப்பீர்கள்? அகநானூறு 309ஆம் பாட்டில் மழவர்கள் வேம்படித் தெய்வத்துக்குக் கொழுத்த பசுவை அறுத்து, குருதி தூவி, கறியைப் புழுக்கித் தின்கிறார்கள். அந்தப் புழுக்கு இன்று புழுங்கல் அரிசியில் மட்டும் மிச்சமிருக்கிறது. கறி எங்கே போயிற்று, தமிழய்யாக்களே?

இது வெறும் சொல் விவகாரம் இல்லை, தோழர்களே. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்தப் பார்த்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. எது பிரியாணி என்று வரையறுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அங்கே கேள்வி.

"அம்பேத்கரே விடச் சொன்னாரே, நாம ஏன் தூக்கிப் பிடிக்கணும்?" என்று நம்மவர்கள் சிலர் கேட்பார்கள். 1927இல் மகாத்தில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. செத்த மாட்டைத் தூக்குவது நம் தலையில் கட்டப்பட்ட இழிதொழில். அதை உதறு என்றார். அதைக் கொண்டுவந்து மேல்சாதிக்காரன் நாக்கின் ருசிக்கு வக்காலத்தாக்குவது அயோக்கியத்தனம்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் "சார், நீங்க என்.வி.யா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை நகர்த்துகிறவர்கள் உண்டு. தயிர்ச்சோறு கொண்டுபோன நாளிலும் நகர்ந்திருக்கிறது. கறிதான் தீட்டு என்பது பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவிடாமல் சாதி இந்துப் பெற்றோர்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் அவரை இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அங்கே அடுப்பில் மாட்டுக்கறியா வெந்தது? சோறும் சாம்பாரும் முட்டையுந்தானே. கரண்டி பிடித்த கைதான் அவர்களுக்குத் தீட்டு.

பாத்திரப் பட்டியலுக்கும் இதே கதிதான். சிரட்டை என்றால் தேங்காய் ஓடு, அகப்பை செய்ய உதவும் என்று எழுதுவார்கள். டீக்கடையில் சேரிக்காரனுக்கு டீ ஊற்றிக் கொடுத்த பாத்திரம் அது என்று எழுதமாட்டார்கள். டம்ளர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரட்டை டம்ளரையும் எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல்.

மீதிப் பாதியை நாம்தான் எழுதவேண்டும். மாணவத் தோழர்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஆயாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கறியில் எந்தத் துண்டுக்கு என்ன பேர், உப்புக்கண்டம் எத்தனை வெயில் காயணும், நெணம் உருக்குகிற சட்டி எது என்று ஊர்ப் பேரோடு எழுதி அனுப்புங்கள். இங்கே அச்சாகட்டும். 'பெரிய கறி' என்று எழுதாதீர்கள். மாட்டுக்கறி என்றே எழுதுங்கள்.