வெட்டுப்புள்ளிக்கு வெளியே நிற்போரின் கல்வி

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வோர் ஆண்டிலும் எமது நாட்டில் ஒரே நிலைமையே தொடர்கின்றது. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் தொகை அண்மைக் காலமாக ஒன்றரை இலட்சத்தைத் தாண்டுகின்ற போதிலும், அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது அவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே. சித்தியடைந்தும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியே நிறுத்தப்படுகின்றனர். சித்தியடையாதோரும் சாதாரண தரத்துடன் இடைவிலகியோரும் இக்கணக்கில் அடங்கவில்லை. இவர்களின் எதிர்காலம் என்ன என்ற வினாவுக்கு எந்த அரசாங்கமும் இதுவரை திருப்தியான பதிலைத் தந்ததில்லை.

இத்தகைய இளைஞர்களுக்கு ஆறுதல் கூற முற்படுவோர் வழமையாக எடுத்துக்காட்டுவது, 1975 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி உலகக் கோடீஸ்வரராக உயர்ந்த பில் கேட்ஸையே. ஆனால், 1968 ஆம் ஆண்டிலேயே தமது பாடசாலையில் கணினியைப் பயன்படுத்தும் அரிய வாய்ப்பைப் பெற்றவர் அவர் என்பதை எவரும் கூறுவதில்லை. பட்டம் இன்றி வெல்வதற்கும் வாய்ப்பு இன்றி வெல்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

உதாரணம் தேடி அமெரிக்கா செல்ல வேண்டிய அவசியமும் எமக்கில்லை. யாழ்ப்பாணத்தில் சாதி அவமதிப்பின் காரணமாக ஐந்தாம் வகுப்புடன் பாடசாலையை விட்டு விலக நேர்ந்த டொமினிக் ஜீவா, சிகையலங்கரிப்பு நிலையத்தில் தொழில் செய்தவாறே வாசித்துத் தம்மை வளர்த்துக் கொண்டவர். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆம் ஆண்டில் அவர் ஆரம்பித்த 'மல்லிகை' சஞ்சிகை நானூறுக்கும் மேற்பட்ட இதழ்களைக் கண்டது. 2021 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, ஈழத்து இலக்கிய வரலாற்றில் பட்டதாரிகள் பலரும் எட்டாத இடத்தை அவர் அடைந்திருந்தார். எனினும், அவர் தனித்து நின்று கற்றவரல்லர். வாசிக்க நூல்கள் இருந்தன. விவாதிக்க முற்போக்கு எழுத்தாளர்களின் நட்பு வட்டம் இருந்தது. சுயமாகக் கற்பவருக்கும் ஒரு சூழல் தேவை என்பதே அவரது வாழ்க்கை தரும் பாடமாகும்.

தொழில்சார் அறிவிலும் இதே உண்மையைக் காணலாம். பேருவளை சீனங்கோட்டையின் மாணிக்க வர்த்தகர்கள் கல்லின் தரத்தையும் விலையையும் மதிப்பிடும் நுட்பத்தை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. தந்தையிடமும் சந்தையிலும் கண்ணாலும் கையாலும் கற்ற அறிவு அது. ஆயினும், 1970களில் பால் நிறமுடைய 'கெவுடா' கற்களை தாய்லாந்து வர்த்தகர்கள் இங்கு மலிவாக வாங்கிச் சென்று, சூடேற்றி நீலக்கற்களாக மாற்றிப் பெருலாபம் ஈட்டினர். அந்நுட்பத்தை எம்மவர் பின்னரே கற்றுக் கொண்டனர். பரம்பரை அறிவு எவ்வளவு ஆழமானதாயினும், புதியதைத் தேடிக் கற்காவிடின் அதன் பயனைப் பிறரே அனுபவிப்பர்.

மறுபுறத்தில், கற்ற தொழிலுக்கு அங்கீகாரம் இன்மை பெருங் குறையாகும். பத்து ஆண்டுகள் கராஜில் வேலை செய்து வாகன இயந்திரத்தை நன்கறிந்த இளைஞர், கையில் சான்றிதழ் இல்லாத காரணத்தினால் வளைகுடா நாடொன்றுக்குச் சாதாரண தொழிலாளியாகவே செல்கின்றார். ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையின் கீழ், அனுபவத்தால் பெற்ற தேர்ச்சியை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு எமது நாட்டில் உள்ளது. முன்கற்றலை அங்கீகரித்தல் எனப்படும் இவ்வழிமுறை பற்றி எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் எத்தனை பேர் அறிவர்? அம்மதிப்பீடு தமிழ் மொழியில், எட்டக்கூடிய தூரத்தில், தாங்கக்கூடிய கட்டணத்தில் நடைபெறுவதை உரிய அதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும்.

சுயகல்வியின் பெருமையைப் பேசுவது பல்கலைக்கழக இடங்களை அதிகரிக்கும் கடமையிலிருந்து அரசை விடுவிப்பதாகி விடக்கூடாது. வைத்தியத்தையும் பொறியியலையும் எவரும் வீட்டிலிருந்து கற்றுத் தொழில் புரிய முடியாது. 1980 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் போன்று, தொழில் புரிந்தவாறே கற்கும் வழிகள் மேலும் விரிவுபடுத்தப்பட வேண்டும். பிரதேச சபைகளின் நூலகங்கள் பத்திரிகை வாசிக்கும் இடங்களாக மட்டும் அமையாது, இணைய வசதியும் புதிய தொழில்நுட்ப நூல்களும் கொண்ட கற்கை நிலையங்களாக மாற்றப்பட வேண்டும்.

பெற்றோரின் பொறுப்பும் சிறிதன்று. அதிகாலை முதல் இரவு வரை டியூட்டரிகளில் பிறர் தரும் குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் மனனம் செய்தே வளரும் பிள்ளை, பரீட்சையில் தவறியதும் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. தானே தேடிக் கற்கும் பழக்கத்தை அப்பிள்ளைக்கு நாம் ஊட்டவில்லை. வெட்டுப்புள்ளி ஒரு பீடத்துக்கான அனுமதியைத் தீர்மானிக்கலாம். ஒருவரின் ஆற்றலைத் தீர்மானிக்கும் உரிமையை அதற்கு நாம் வழங்கி விடக்கூடாது.