மிக்கி மவுஸ் ஊரில் ஒரு பாகப்பிரிவினை

அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் கிணறு யாருக்கு, வரப்பு யாருக்கு என்று சண்டை வரும். அமெரிக்கக் கார் ரேஸ்காரர்கள் பாகம் பிரித்தபோது சண்டை ஒரே ஒரு ரேஸுக்காக. அது இண்டியானாபொலிஸ் 500. சண்டையின் முதல் காட்சி அரங்கேறிய இடம்தான் வேடிக்கை. ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு! தேதி: 1996 ஜனவரி 27.

முதலில் கார். மட்கார்டு கிடையாது. நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே ஒரு ஆள், படுத்த வாக்கில். பாதை வளையம், திருப்பமெல்லாம் இடதுபக்கம் மட்டும். 'செக்குமாட்டுக்கு இன்ஜின் வெச்ச மாதிரி இருக்கே' என்றார் என் மாமா. செக்குமாட்டுக்குப் பின்னால் ஒண்ணரையடி இடைவெளியில் இன்னொரு செக்குமாடு வராது மாமா! ஒரு சக்கரம் இன்னொரு சக்கரத்தில் லேசாக ஏறினால் போதும், வண்டி ஆகாயத்தில்.

அந்த வருஷம் வரை இந்த ரேஸ்களை நடத்தியது 'கார்ட்' என்ற அமைப்பு. அதில் டீம் முதலாளிகள் வைத்ததுதான் சட்டம். ஆனால் இண்டியானாபொலிஸ் மைதானம் டோனி ஜார்ஜ் குடும்பத்துச் சொத்து. அவருடைய தாத்தா 1945-ல் வாங்கிப் போட்டது. 'செலவு எகிறிக்கிட்டே போகுது, உள்ளூர்ப் பசங்களுக்கு சான்ஸே இல்லை' என்று சொல்லி பேரன் தனியாக ஐ.ஆர்.எல். என்று ஒரு கடை திறந்தார். திறந்த கையோடு ஒரு நிபந்தனை: இண்டி 500-ல் ஓடும் 33 கார்களில் 25 இடம் தன் தொடரில் ஓடுகிறவர்களுக்கே!

பி.காமில் கூட்டாண்மைக் கலைப்பு என்று ஒரு பாடம். மேஜை, நாற்காலியைப் பிரிப்பது சுலபம். குட்வில் என்று ஒன்று வரும் பாருங்கள், அங்கேதான் பேனா நிற்கும். இங்கே குட்வில் என்பது இண்டி 500 என்ற பெயர். மைதானம் என்னுடையது, பெயரும் என்னுடையது என்றார் ஜார்ஜ். ஓட்டுகிற ஆள் எங்களிடம், அதனால் பெயரும் எங்களுடையது என்றது கார்ட். இருவருமே பாதி சரி. அதனால்தான் இருவருமே அழிந்தார்கள்.

புதுக் கடையின் முதல் போணிதான் டிஸ்னி ரேஸ். மேஜிக் கிங்டம் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, ஒரு மைல் சுற்றளவில், மூன்று முனை வளையம். நடுவில் மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் ஒரு குளம் வேறு. இண்டியானாபொலிஸ் தரையில் ஒருகாலத்தில் செங்கல் பதித்திருந்ததால் அதற்கு 'பிரிக்யார்டு' என்று பட்டப்பெயர். இதற்கு 'மிக்யார்டு' என்று வைத்தார்கள். பெரிய தலைகள் பலர் கார்ட் பக்கம் போய்விட்டதால் இங்கே பழைய கார்கள், புது முகங்கள்.

200 சுற்று. ஜெயித்தது பஸ் கால்கின்ஸ். பஸ் என்றால் நம்ம டவுன் பஸ் அல்ல, அவர் பெயரே அதுதான். வயது 24. இந்த வகைக் காரில் அவருக்கு அதுதான் முதல் ரேஸ். டீமுக்குக் காசு, அப்பாவின் பெட்ரோல் கம்பெனி. ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தவர் டோனி ஸ்டீவர்ட். அவருக்கும் 24, அவருக்கும் இதுதான் முதல் ரேஸ்.

'பங்க்காரர் பிள்ளை, அப்பன் காசு' என்று சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்டீவர்ட் பின்னால் நாஸ்காரில் மூன்று முறை சாம்பியன் ஆனவர். அப்பேர்ப்பட்ட ஆள் முதுகில் மூச்சு விடும்போது வண்டியை நேராகப் பிடிக்க அப்பா காசு உதவாது.

மே 26 வந்தது. ஒரே நாளில் ரெண்டு தேர்! இங்கே இண்டி 500, போட்டியாக கார்ட்காரர்கள் மிச்சிகனில் யு.எஸ். 500. 'அங்கே கத்துக்குட்டிகள், இங்கே நட்சத்திரங்கள்' என்று பேச்சு. பச்சைக்கொடி அசைப்பதற்கு முன்பே நட்சத்திரங்கள் முன்வரிசையில் ஒருவரையொருவர் உரசி, பின்னால் வந்தவர்கள் மேலே மோதி... ஒரே இரும்புக்குவியல். பலர் மாற்றுக் கார் எடுத்து வந்து ஓட்டினார்கள்.

சிரித்துக்கொண்டே போக முடியவில்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால், மே 17 அன்று, இண்டியானாபொலிஸ் பயிற்சியில் டயர் காற்றுப்போய் சுவரில் மோதி ஸ்காட் பிரெய்டன் இறந்துபோனார். ஸ்டீவர்ட்டின் அணித்தோழர். ரேஸில் முதலிடத்தில் நின்று புறப்பட வேண்டியவர். அந்த இடத்தில் ஸ்டீவர்ட் நின்றார். எந்தக் கட்சி ஜெயித்தாலும் சுவர் சுவராகத்தான் இருக்கிறது.

அந்த முதல் சீசனில் மொத்தமே மூன்று ரேஸ். கணக்குப் பார்த்தால் கால்கின்ஸ் 246 புள்ளி, ஸ்காட் ஷார்ப்பும் 246 புள்ளி. ஷார்ப் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை! ஆனால் சமமானால் என்ன செய்வது என்று விதியே எழுதவில்லை. இரண்டு பேரும் சாம்பியன். கடை திறக்கும் அவசரத்தில் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போச்சு.

அப்புறம் நடந்தது பங்காளிக் கதைதான். இரு பக்கமும் ஆள் குறைய, ரசிகர்கள் நாஸ்கார் பக்கம் போனார்கள். உள்ளூர்ப் பையன் என்று ஜார்ஜ் காட்டிய ஸ்டீவர்ட்டே அங்கே போய்விட்டார். 2003 கடைசியில் கார்ட் திவால். மிச்சம் மீதி 2008-ல் ஐ.ஆர்.எல்.லோடு சேர்ந்தது. 2009-ல் ஜார்ஜும் தலைமைப் பதவியை இழந்தார். 2020 ஜனவரியில் மைதானத்தையும் தொடரையும் சேர்த்து வாங்கியவர் ரோஜர் பென்ஸ்கி. 1996-ல் 'உங்க ரேஸே வேணாம்' என்று எதிர்க்கட்சியில் நின்ற டீம் முதலாளி!

கால்கின்ஸ் 2001 வரை ஓட்டினார். மறுபடி ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை. அவர் ஜெயித்த அந்த ஒரு மைல் பாதையையும் 2015-ல் டிஸ்னிக்காரர்கள் இடித்துவிட்டார்கள்.