வரி நம் கையது. ஆட்சி எவர் கையது?

தமிழ்மக்காள்! ஏரி வாரியம் அமைத்து நீர்நிலை காத்த ஊராட்சியை உத்திரமேரூர்க் கல்வெட்டு ஆயிரமாண்டுக்கு முன்பே காட்டிற்று. கடையநல்லூர் நகராட்சியோ, தமிழகத்தின் பிற நகராட்சிகளைப் போலவே, 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மன்றமின்றித் தனி அலுவலர் கையில் கிடந்தது. மன்றம் அமர்ந்த சூட்டோடு வரியுயர்வு வந்தது. 600 சதுர அடிக்குட்பட்ட சிறு வீட்டுக்கும் நூற்றுக்கு 25 கூடிற்று. வீட்டுவரிக்குக் கீழ்வரம்பு விதித்துத் தண்டலைப் பெருக்கினாலன்றி நல்கையில்லை என்றது நடுவணரசின் 15ஆம் நிதிக்குழு. நம் பணத்தை அள்ளிச்சென்று, நமக்கே நெறிவிதித்துக் கிள்ளித் தருவதா ஆட்சி? குடிநீருக்கும் குப்பை அகற்றலுக்கும் தில்லியின் முகம் பார்ப்பது மன்றமன்று, தண்டற்கடை!

கடையநல்லூர்க் குடிகளே! வரிப்பணம் செல்லும் வழியைத் தமிழில் எழுதி நகராட்சி வாயிலில் வைக்கக் கேளுங்கள். கேளாக் குடி கொடுத்தே தேயும்!