மொட்டைக் கடிதமும் தபால் முத்திரையும்

மொட்டைக் கடிதம் என்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுக்கும், உத்தியோக உயர்வை எதிர்பார்த்திருக்கிற மனிதருக்கும், சங்கத் தேர்தலில் நிற்கிறவருக்கும் அது தவறாமல் வந்து சேரும். அடியில் "தங்கள் நலம் விரும்பி" என்றிருக்கும். பெயர் மட்டும் இராது. அத்தகைய கடிதம் வந்தால் நம் பெரியவர்கள் உள்ளே இருப்பதைப் படிப்பதற்கு முன்னால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மை பரவிப் போன தபால் முத்திரையில் முதல் இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது. அது கும்பகோணமா, கும்மிடிப்பூண்டியா என்று வீடே கூடி வாதம் செய்யும். எழுதினவன் எவன் என்று தெரியாவிட்டாலும், எந்த ஊரில் பெட்டியில் போட்டான் என்று தெரிந்தால் பாதி மர்மம் தீர்ந்த மாதிரி அல்லவா?

இப்போது மொட்டைக் கடிதமும் மின்னஞ்சலில் வருகிறது. எழுதுகிறவனுக்கு ஸ்டாம்புச் செலவு மிச்சம். பெறுகிறவனுக்கோ திருப்பிப் பார்க்க உறை கூட இல்லை.

சென்ற வாரம் இரவு ஒன்பது மணிக்கு நம் நண்பர் ஒருவர் வந்தார். வாசற்படி ஏறும்போதே, "ஓய்! ஆளைப் பிடித்துவிட்டேன்!" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய பெண்ணுக்கு வரன் அமைந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில் பிள்ளை வீட்டாருக்குப் பெயரில்லாத மின்னஞ்சல் ஒன்று போயிருக்கிறது. பெண்ணைப் பற்றி எழுதத் தகாததெல்லாம் அதில் எழுதியிருந்தது. பிள்ளையின் தகப்பனார் பெருந்தன்மை உள்ளவர். விஷயத்தை மனத்துக்குள் வைத்துக்கொண்டு சம்பந்தத்தை முறித்துவிடாமல், தமக்கு வந்ததை நண்பருக்கு அனுப்பிவிட்டார். நண்பருக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. மூன்றாம் நாள், மின்னஞ்சலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் வரிகளை வெளியே எடுத்து, அவற்றில் கண்ட எண் ஒன்றை ஓர் இணைய தளத்தில் கொடுத்தார். அது உலகப் படத்தை விரித்து, அதில் ஒரு சிவப்புப் பொட்டும் வைத்துக் காட்டியது: அமெரிக்கா, கலிபோர்னியா, மௌண்டன் வியூ.

"கலிபோர்னியாவில் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? என் மைத்துனன் பிள்ளை ஒருவன்தான்! அவனுக்கு என் பெண்ணைக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல்! நேற்றே மைத்துனனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டேன். வீட்டில் அவள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை" என்றார்.

"இருக்கட்டும். அந்த வரிகளை நாமும் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டோம்.

நண்பரின் கதையை இங்கே நிறுத்திவிட்டு, அந்த வரிகள் எத்தகையவை என்பதை நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வலைப்பின்னல் வழியாக முதன்முதலில் கடிதம் அனுப்பியவர் ரே டாம்லின்ஸன் என்ற அமெரிக்கர். அது 1971ஆம் வருஷம். 1982இல் ஜான் போஸ்டல் என்பவர் இந்தப் போக்குவரத்துக்கு விதிகள் வகுத்து எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்களுக்காக ஏற்பட்ட விதிகளாதலால், அனுப்புகிறவர் பெயரைச் சரிபார்க்க அவற்றில் ஏற்பாடு இல்லை. உறையின் மூலையில் "அனுப்புநர்: கலெக்டர்" என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், தபால்காரர் கேட்கப் போவதில்லை. மின்னஞ்சலில் அனுப்புநர் என்று காணும் பெயரும் அத்தகையதே.

ஆனால் தபால் முத்திரை உண்டு. வழியில் ஒவ்வொரு சர்வரும் கடிதத்தை வாங்கியவுடன், "இன்ன இடத்திலிருந்து, இன்ன நேரத்தில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதி, முன்னிருக்கும் வரிகளுக்கு மேலே அதை ஒட்டிவிடும். ஆகவே கடிதத்தின் பிரயாணத்தை அறிய வேண்டுமானால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். ஜிமெயிலில் கடிதத்தைத் திறந்து, ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தால் இவை முழுவதும் தெரியும். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்ற பரீட்சைகளின் முடிவும் அங்கேயே இருக்கும். பாங்கியின் பெயரால் வந்த கடிதம் அந்தப் பாங்கியின் சர்வரிலிருந்துதான் வந்ததா என்று கண்டுகொள்ள இவை பெரிதும் உதவும். ஆனால் எழுதினவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதை இவை சொல்லமாட்டா.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேலே உள்ள வரிகளை எழுதியது நம்முடைய சர்வர்; அவற்றை நம்பலாம். கீழே போகப் போக எழுதியது யார் என்பதற்கு நிச்சயமில்லை. அனுப்பும் எத்தனே இரண்டு மூன்று பொய் முத்திரைகளைக் குத்தியே அனுப்பிவிட முடியும். போதாக்குறைக்கு, ஜிமெயில் தன் இணைய தளத்தில் எழுதப்படும் கடிதங்களில் எழுதுகிறவருடைய எண்ணைக் காட்டுவதில்லை. கடிதம் ஜிமெயிலின் சர்வரிலிருந்து புறப்பட்டதாகவே முத்திரை இருக்கும். அந்தச் சர்வரின் எண்ணைத் தேடினால் என்ன ஊர் வரும்? அதன் சொந்தக்காரரான கூகிள் கம்பெனியின் தலைமை ஸ்தலமாகிய மௌண்டன் வியூ வரும்! மயிலாப்பூரிலிருந்து எழுதினாலும் அதுதான். மன்னார்குடியிலிருந்து எழுதினாலும் அதுதான்.

சரி, எழுதினவனுடைய எண்ணே அகப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில நிறுவனங்களின் சர்வர் வழியாக வரும் கடிதங்களில் அது இருப்பதும் உண்டு. அப்போதாவது ஊர் தெரியுமா? இந்த எண்களைப் பகிர்ந்து கொடுக்க உலகில் ஐந்து பிராந்திய ஸ்தாபனங்கள் இருக்கின்றன. நம் ஆசியாவுக்கு உரியது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் இருக்கும் ஏப்னிக். அங்கே விசாரித்தால் அந்த எண் எந்தக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது என்பது தெரியும். கம்பெனிக்கு எண்ணைக் கொடுத்தார்களே ஒழிய, தெருவுக்கும் வீட்டுக்கும் கொடுக்கவில்லை. ஊரும் தெருவும் காட்டுகிற தளங்களெல்லாம் பல குறிப்புகளைச் சேர்த்து ஊகம் செய்பவைதாம். தேசம் பெரும்பாலும் சரியாக இருக்கும். நகரம் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். வீடு என்று சொன்னால் நம்பவே கூடாது.

இந்த ஊகத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டதால் நேர்ந்த விபரீதம் ஒன்றைக் கேளுங்கள். மாக்ஸ்மைண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி இத்தகைய ஊகப் பட்டியல் தயாரிப்பதில் பெயர் பெற்றது. "இந்த எண் அமெரிக்காவில் இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது" என்ற நிலை வந்தால், தேசத்தின் நடுமத்தி என்று தோராயமாக ஒரு புள்ளியை அது குறித்து வந்தது. அந்தப் புள்ளி கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில் விழுந்தது. அறுபது கோடிக்கு மேற்பட்ட எண்கள் அந்த ஒரு வீட்டைச் சுட்டின! விளைவு என்ன? வீட்டை விட்டு ஓடிப்போன குழந்தைகளைத் தேடிப் போலீஸார் வந்தார்கள். வரி அதிகாரிகள் வந்தார்கள். தற்கொலை செய்துகொள்ளப் போகிறவரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸ் வந்தது. பணத்தை ஏமாந்தவர்கள் ஆத்திரத்துடன் வந்தார்கள். ஒரு பாவமும் அறியாத அந்த வீட்டார் பல வருஷம் இந்த அவஸ்தையை அநுபவித்தார்கள். 2016இல் பத்திரிகையில் விஷயம் வெளியான பிறகுதான் கம்பெனி அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டுபோய் ஓர் ஏரியின் நடுவே வைத்தது.

சில சமயம் வீடே சரியாகத் தெரிந்துவிடும். அப்போதும் ஆள் தெரிந்ததாகாது. 2008ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால், செய்தி ஸ்தாபனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எண்ணைப் பின்தொடர்ந்த அதிகாரிகள் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எண் பொய் சொல்லவில்லை. கடிதம் அந்த வீட்டு இணைப்பின் வழியாகத்தான் போயிருந்தது. ஆனால் அதை எழுதியவர் அந்த அமெரிக்கர் அல்ல. பூட்டுப் போடாமல் கிடந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ உபயோகித்துவிட்டுப் போயிருந்தார்கள். திறந்து கிடந்த திண்ணையில் எவனோ உட்கார்ந்து எழுதிப்போட்டுவிட்டுப் போனதற்கு வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார்.

கைத் தொலைபேசியின் சங்கதி இன்னும் வேடிக்கை. பழைய முறைப்படி உலகத்தில் உள்ள எண்கள் மொத்தம் சுமார் 430 கோடி. மனிதர்களோ 800 கோடிக்கு மேல். ஆகையால் டெலிபோன் கம்பெனிகள் ஒரே எண்ணை ஒரே சமயத்தில் எத்தனையோ பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அந்த நிமிஷத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது கம்பெனியின் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

அப்படியானால் மொட்டைக் கடிதக்காரனைப் பிடிக்கவே முடியாதா? முடியும். 2013 டிஸம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு, கட்டடங்களில் வெடிகுண்டு இருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. பரீட்சைக்குப் பயந்த மாணவன் ஒருவனுடைய வேலை அது. டார் என்ற மறைவழியில் புகுந்து, தன் எண் தெரியாதபடி கடிதத்தை அனுப்பியிருந்தான். கடிதத்தின் முத்திரைகளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் சர்வகலாசாலையின் சொந்த வைஃபையிலிருந்து அந்த மறைவழிக்குப் போனது யார் என்று பதிவேட்டைப் புரட்டினார்கள், அகப்பட்டுக்கொண்டான். காட்டிக்கொடுத்தது கடிதமல்ல, பதிவேடு. அந்தப் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் சட்டத்துக்கு உண்டு, நமக்கு இல்லை.

ஆகையால் இல்லறத்தார் செய்யத்தக்கது இவ்வளவே. கடிதத்தை அழித்துவிடக் கூடாது. பதில் எழுதக் கூடாது. அதிலுள்ள இணைப்புகளைத் தொடக் கூடாது. மூலக் கடிதத்தை மறைந்திருக்கும் வரிகளோடு இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கால தாமதமும் உதவாது. இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் சர்க்கார் பிறப்பித்த உத்தரவு; அதற்குப் பிறகு பதிவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சைபர் குற்றங்களுக்கென்று மத்திய சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் இணைய தளத்திலோ, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ புகார் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே டெலிபோன் செய்ய வேண்டும். மிரட்டல் கடிதமானால் சட்டம் இன்னும் கண்டிப்பானது. பெயரையோ இருப்பிடத்தையோ மறைத்துக்கொண்டு மிரட்டுகிறவனுக்கு, மிரட்டலுக்குரிய தண்டனையோடு இரண்டு வருஷம் வரை கூடுதல் தண்டனை உண்டு என்று பாரதீய நியாய ஸம்ஹிதையின் 351ஆம் பிரிவு சொல்கிறது.

இனி நண்பரிடம் திரும்புவோம். அவர் நீட்டிய டெலிபோனை வாங்கி வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தோம். படித்துவிட்டு, "ஸார், இந்தக் கடிதம் உமக்கு யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்டோம்.

"சம்பந்தியிடமிருந்துதான். அவருக்கு வந்ததை எனக்கு அனுப்பினார்."

"அப்படி ஒருவர் தமக்கு வந்ததை வழக்கம்போல் மறுபடி அனுப்பும்போது அது புதுக் கடிதமாகிவிடுகிறது. பழைய உறை அவரிடமே தங்கிவிடும். இதிலுள்ள முத்திரைகள் மொட்டைக் கடிதத்தின் முத்திரைகள் அல்ல. சம்பந்தி உமக்கு எழுதிய கடிதத்தின் முத்திரைகள். அவரும் ஜிமெயில், நீரும் ஜிமெயில். அதனால்தான் மௌண்டன் வியூ. நீர் துப்புத் துலக்கிப் பிடித்த ஆள் உம் சம்பந்திதான்!"

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் எழுதினவன் யார்?" என்றார்.

"அது நமக்கும் தெரியாது. மூலக் கடிதம் சம்பந்தியிடம் இருக்கிறது. அதை அழித்துவிட வேண்டாமென்று அவரிடம் சொல்லும். புகார் கொடுப்பதானால் இருவருமாகப் போய்க் கொடுங்கள்."

"அது சரி, ஓய். மைத்துனனிடம் என்ன சொல்வது? அந்தப் பையனைப் பெயர் சொல்லித் திட்டிவிட்டேனே!"

அதற்கு எந்த இணைய தளத்திலும் வழி கிடையாது. அவரே யோசித்து, டெலிபோனில் பேசினால் நாக்கு எழாது என்று தீர்மானித்து, நம் மேஜைமேல் இருந்த காகிதத்தை எடுத்து மைத்துனருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு முறை கிழித்துப் போட்டு ஐந்தாம் முறை எழுதி முடித்தார். மேல் ஓரத்தில் தம் பெயர், வீட்டு இலக்கம், தெரு, ஊர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தை அவருடைய சம்சாரமே தபாலில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டோம்.