ஒலிபெருக்கிக்கு ஒரு கடிவாளம்

அயல் வீட்டு மாணவன் ஒருவன் சென்ற வாரம் விளம்பரத் துண்டொன்றுடன் என்னை நாடி வந்தான். புதிய அம்பிளிபயர் ஒன்றின் தணிப்புக் காரணி 1000 என அதிற் கண்டிருந்தது. தன் வீட்டு அம்பிளிபயருக்கு அது 100 மட்டுமே என்றும், மிருதங்கத்தின் தொப்பியோசை 'கும்'மென்று நீண்டு கலங்குவது இதனாலேதானோ என்றும் வினவினான். புதியதை வாங்குவதற்குத் தந்தையார் தம் சேமிப்பிலிருந்து பணம் தர இசைந்துவிட்டாராம்!

தணிப்புக் காரணி என்பது யாது? ஒலிபெருக்கியின் கூம்புடன் ஒட்டப்பட்ட கம்பிச் சுருள் ஒன்று காந்தத்தின் இடைவெளியில் அசைகின்றது. இசை நின்ற பின்னும் கூம்பு ஊஞ்சலைப் போலச் சிறிது ஆடவே முயலும். அவ்வாறு ஆடும் சுருள் தானே மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும். அது அம்பிளிபயரினூடாகச் சுற்றிவந்து, தன்னைப் பிறப்பித்த ஆட்டத்தையே எதிர்த்து அடக்கும். ஒலிபெருக்கியின் தடையை அம்பிளிபயரின் வெளியீட்டுத் தடையால் வகுக்க வருவதே தணிப்புக் காரணி.

மாணவர்களே, இதனை வீட்டிலேயே பரீட்சிக்கலாம். எதனுடனும் இணைக்கப்படாத பெரிய ஒலிபெருக்கியின் கூம்பை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். பின்னர் அதன் இணைப்பு முனைகள் இரண்டையும் ஒரு கம்பித் துண்டினாற் பொருத்திவிட்டுத் தட்டுங்கள். முன்பு நீண்ட ஓசை இப்போது சட்டென அடங்கும்.

ஆயின், 100 ஐ 1000 ஆக்கினால் பத்து மடங்கு பயன் உண்டோ? இல்லை. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன்னதன் வெளியீட்டுத் தடை 0.08 ஓம், பின்னதன் தடை 0.008 ஓம். சுருளின் சொந்தத் தடையோ ஏறத்தாழ 6 ஓம். மின்னோட்டம் அதனையும் கடந்தே செல்லவேண்டும். ஆகவே மொத்தம் 6.08 அல்லது 6.008, வேறுபாடு நூற்றுக்கு ஒன்றளவே. அதனைக் காது உணராது. காரணி 5 இலும் குறைந்த பழைய வால்வு அம்பிளிபயர்களிலேயே வேறுபாடு புலப்படும்.

மாணவன் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். கூடத்தின் மறுகோடிவரை 10 மீற்றர் தூரத்துக்கு, 0.2 சதுர மில்லிமீற்றர் மெல்லிய செப்புக் கம்பி ஓடியிருந்தது. போகவர 20 மீற்றர். தடை ஏறத்தாழ 1.7 ஓம். அம்பிளிபயரின் தடையிலும் இருபது மடங்கு! 2.5 சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் அது 0.14 ஓம் அளவே. கம்பியை மாற்றினோம். மூலை, தாழ்ந்த ஓசையை மிகைப்படுத்துமாதலால் அங்கிருந்த பெட்டியையும் சற்று முன்னே நகர்த்தினோம். தொப்பியோசை தெளிந்தது.

தந்தையாரின் சேமிப்பு அவரிடமே இருக்கின்றது. பெரிய எண்ணைக் கண்டு மயங்குமுன், அதனோடு கூட்டவேண்டிய மற்றைய எண்களையும் கேட்டறிதல் நன்று.