'மோசடி பண்ணவனுக்கு வக்கீல் எதுக்கு?' இந்தக் கேள்வியே ஏன் தப்பு?

நிதி நிறுவன மோசடி பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கீழே ஒரே மாதிரி கமென்ட்தான் வரும். "இவனுக்கெல்லாம் வாதாட எந்த வக்கீல் போறான்? அவனையும் சேர்த்து உள்ளே போடுங்க சார்!"

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், பிஎஃப் பணம், நகையை அடகு வைத்துப் போட்ட பணம் என எல்லாம் போன குடும்பங்களைப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால், அந்தக் கோபம் யார் மேல் போய் விழுகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மோசடி வழக்கின் எஃப்ஐஆரில் முதலாளி பெயர் மட்டும் இருக்காது. கிளை மேனேஜர், கணக்கு எழுதியவர், 'ஒரு பேருக்கு' டைரக்டராகக் கையெழுத்துப் போட்ட சொந்தக்காரர், கமிஷனுக்காக அக்கம்பக்கத்தில் ஆள் சேர்த்துவிட்டு தன் பணத்தையும் அதிலேயே போட்ட ஏஜென்ட் என வரிசையாக வரும். முதலாளி வெளிநாட்டுக்குப் பறந்துவிட்டால், முதலில் கையில் சிக்குவது இவர்கள்தான்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 28 வயது. ஒரு நிதி நிறுவனத்தில் அக்கவுண்டன்ட். மேலதிகாரி சொன்ன என்ட்ரியைப் போட்டீர்கள், சொன்ன வவுச்சரில் கையெழுத்துப் போட்டீர்கள். 2 வருஷம் கழித்து வீட்டுக்கு போலீஸ் வருகிறது. நீங்கள் கூட்டுக் களவாணியா, சம்பளத்துக்கு வேலை பார்த்தவரா? அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. அதைப் பிரித்துக் காட்டுவதுதான் வக்கீலின் வேலை. மோசடிக்காரரைக் காப்பாற்றுவது மட்டும்தான் அவர் வேலை என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது.

பணம் திரும்ப வரலைன்னா அது மோசடியா?

இல்லை, அது மட்டும் போதாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவுதான் பழைய '420'. இதில் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு தொடங்கி, நஷ்டப்பட்டு, கடனைத் திருப்பித் தர முடியாமல் போனால் அது சிவில் வழக்கு. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதைச் சொல்லிவிட்டது.

2024-இல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் இன்னொன்றையும் தெளிவாக்கியது. ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் வெவ்வேறு குற்றங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் சேர்த்து ஒட்ட முடியாது. ஏமாற்றுதலில் எண்ணம் முதலிலேயே கெட்டது. நம்பிக்கை மோசடியில் பொருள் முறையாகக் கைக்கு வந்து, பிறகுதான் எண்ணம் கெடுகிறது.

கேட்பதற்கு வக்கீல்களின் நுணுக்கம் மாதிரி இருக்கும். ஆனால் எந்தப் பிரிவு என்பதில் ஒருவரின் வாழ்க்கையே இருக்கிறது. ஏமாற்றுதலுக்கு அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வங்கி ஊழியர் மீது நம்பிக்கை மோசடி என்று வந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். முதலீட்டாளர்களைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு டான்பிட் சட்டத்தில், நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு 10 ஆண்டு வரை சிறை. அப்படியானால் அந்த அக்கவுண்டன்ட் 'நிர்வாகத்துக்குப் பொறுப்பானவரா'? வழக்கின் முதல் சண்டையே இதுதான். சண்டை போட ஆள் இல்லையென்றால், போட்ட பிரிவு போட்டதுதான்.

முதல் நாளில் என்ன உரிமை இருக்கு?

7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்கலாம். கைது செய்வதென்றால் காரணத்தை எழுத வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இப்போது பிஎன்எஸ்எஸ் 35-வது பிரிவில் இருக்கிறது.

கைதானால், விருப்பப்பட்ட வக்கீலிடம் ஆலோசனை பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு தருகிறது. விசாரணையின்போதும் வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாக சாட்சியமாகாது. ஆனால் அமலாக்கத் துறை கதை வேறு. பிஎம்எல்ஏ சட்டத்தின் 50-வது பிரிவில் சம்மன் அனுப்பி வாங்கும் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் பயன்படுத்தலாம் என்று 2022-இல் விஜய் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான் எந்தத் தப்பும் பண்ணல, போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துடறேன்" என்று கிளம்புகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். சம்மன் வந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.

ஜாமீன் கொடுத்தா பணம் போச்சா?

பணம் இழந்தவர்களுக்கு வரும் பெரிய பயம் இது. "ஜாமீன்ல வந்துட்டான், இனி பணம் அவ்வளவுதான்."

ஜாமீன் வேறு, சொத்து முடக்கம் வேறு. டான்பிட் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கலாம். சிறப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்து, விற்று, முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க உத்தரவிடலாம். ஆள் ஜாமீனில் வந்தாலும் முடக்கம் அப்படியேதான் இருக்கும். ஆளை உள்ளே வைப்பதால் மட்டும் ஒரு ரூபாயும் திரும்பி வராது.

2ஜி வழக்கை நினைத்துப் பாருங்கள். 2011-இல் அந்த வழக்கில் கைதான 5 கார்ப்பரேட் அதிகாரிகள் சுமார் 7 மாதம் சிறையில் இருந்தார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதுதான் சஞ்சய் சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு ஜாமீன் கொடுத்தது. விசாரணைக்கு வருவதை உறுதி செய்யத்தான் ஜாமீன் நிபந்தனைகள், தீர்ப்புக்கு முன்பே தண்டிக்க அல்ல என்பது அதன் சாரம். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுவித்தது. சிபிஐ மேல்முறையீட்டை 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அது எப்படி முடிந்தாலும், தீர்ப்புக்கு முன்பு கழிந்த அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர முடியாது.

மறுபக்கம் சத்யம் வழக்கு. ராமலிங்க ராஜு தரப்புக்கு வக்கீல்களுக்கா பஞ்சம்? அப்படியிருந்தும் 2015-இல் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வக்கீல் இருந்தால் தப்பித்துவிடுவார்கள் என்பது உண்மையல்ல. குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்ற ஆதாரம்தான் மேல்முறையீட்டிலும் நிற்கும். பணம் இழந்தவருக்கும் அதுதான் நல்லது.

உண்மையான பிரச்சினை வேற

பெரிய ஆளுக்கு எப்போதும் வக்கீல் கிடைப்பார். டெல்லியில் இருந்து சீனியர் வக்கீல் விமானத்தில் வருவார். கணக்கு வழக்கைப் பிரித்து மேய ஆடிட்டர் குழுவும் இருக்கும். வாய்தா வாங்கி வாங்கி வழக்கை இழுப்பதும் பெரும்பாலும் இவர்களால்தான் முடியும். அந்தக் கோபத்தை நாம் 'வக்கீலே கூடாது' என்று மாற்றிச் சொன்னால், அடிபடுவது அவர்கள் இல்லை. அந்த 28 வயது அக்கவுண்டன்ட்தான்.

அவருக்குக் கம்பெனி வக்கீல் இருக்கிறாரே என்று கேட்கலாம். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். "இது முழுக்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பண்ண வேலை" என்று கம்பெனி கையைக் கழுவ நினைத்தால், அதை எழுதப் போவதும் அதே வக்கீல்தான். எனவே தனக்கென்று தனி வக்கீல் வேண்டும்.

காசு இல்லையா? காவலில் இருக்கும் யாருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்ட சேவைகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. உதவி எண் 15100. ஆனால் மோசடி வழக்கின் குற்றப்பத்திரிகை ஆயிரக்கணக்கான பக்கம் போகும். பேங்க் ஸ்டேட்மென்ட், லெட்ஜர், சர்வர் பதிவு என்று ஆதாரமெல்லாம் காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும். இதைப் படித்துச் சொல்ல ஓர் ஆடிட்டர் துணை இல்லாமல், இலவச வக்கீல் தனியாக என்ன செய்வார்? சட்ட உதவி மையங்களில் கணக்குத் தெரிந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்பதுதான் இப்போது தேவையான கோரிக்கை.

"எவனும் ஆஜராகக் கூடாது" என்று வக்கீல் சங்கங்களே தீர்மானம் போட்ட வரலாறும் இங்கே உண்டு. கோவையில் அப்படிப் போட்ட ஒரு தீர்மானத்தைப் பற்றி 2010-இல் முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் பேசிய உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று அறிவித்தது. அந்த வழக்கில் யாருக்கு எதிராகத் தீர்மானம் தெரியுமா? போலீஸ்காரர்களுக்கு எதிராக! யார் எப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே ஆபீஸில் யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்றால், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் மெயிலில் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்கள் வக்கீல் முதலில் கேட்கப் போவது அந்த மெயிலைத்தான்.